சிவப்புக்கு இரண்டு வரிசை

உருளைக்கிழங்கு கிண்டி முடிந்தபோது எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கோப்பாய்ச் செம்மண்ணில் மூன்று நாள் குனிந்த குனிதான். என் மனுசன் அருளம்பலம் வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, மண்வெட்டி கிழங்கில் படுகிறது என்று மூன்று நாளும் சத்தம் போட்டார். இரத்தத்தில் சீனி கூடி, சலரோகத்தால் அவருடைய இடது காலில் இரண்டு விரலை எடுத்த நாளிலிருந்து கமத்து வேலை முழுக்க என் தலையில். வாய் மட்டும் அவருக்கு.

தோட்டத்தில் பாதி வெள்ளை இனம், பாதி சிவப்பு. சிவப்பு அவருடைய செல்லம். ஒவ்வொரு முறையும் நல்ல கிழங்காகப் பொறுக்கி வைத்து, அதையே மறு வருடம் விதைக்கிறோம். இப்படியே ஒன்பது வருடம். "பட்டுப்போலை தோல், இதைப் போய் ஆரும் உரிப்பினமோ?" என்று அவித்த சிவப்பைத் தோலோடுதான் தின்பார். ஆனால் விளைச்சல் வருடா வருடம் குறைகிறது. நான் இறைக்கிற தண்ணீர் குறையவில்லை, சுமக்கிற எரு குறையவில்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அதனால் இந்த முறை சண்டை பிடித்து, பாதித் தோட்டத்துக்குப் புது விதை வாங்கி வெள்ளை நட்டேன். நிறையிலும் ருசியிலும் வென்றால் அடுத்த வருடம் தோட்டம் முழுக்க வெள்ளை. ஒன்றில் தோற்றாலும் சிவப்புக்குப் பாதி இருக்கும். அதுதான் எங்கள் பேச்சு.

இரண்டிலும் பத்துப் பத்து வரிசை. நிறுத்தேன். வெள்ளை இருநூற்றுப் பத்துக் கிலோ. சிவப்பு தொண்ணூறு.

"பாத்தியளோ?" என்றேன்.

"நிறையை ஆர் கேட்டது? வாயிலை வைச்சால் தெரியும்."

"டொக்டர் கிழங்கு தொடக்கூடாதெண்டவர். ஒவ்வொண்டிலையும் ஒண்டுதான் தருவன், சொல்லிப்போட்டன்."

ஒரே அளவில் இரண்டு கிழங்கு எடுத்து, தனித்தனியாக உப்புப் போட்டுத் தோலோடு அவித்தேன். ஆள் களவு செய்யக்கூடியவர் என்பதால் என் பழைய சேலைத் துண்டால் கண்ணைக் கட்டினேன். சிவப்பென்றுதான் சொல்லப்போகிறார், இன்னும் ஒரு வருடம் இடுப்பு முறிய வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே முதலில் வெள்ளையை ஒரு தட்டோடு கையில் கொடுத்தேன். பிறகு வேறொரு தட்டில் சிவப்பு. அதைக் கடைசித் துண்டு வரைக்கும் மென்று முடித்தார்.

"முதல் தந்ததுதான் ருசி," என்றார். "மற்றது சப்பெண்டு கிடக்கு."

"மெய்யாவோ?"

"ஓம். உன்ரை வெள்ளையையே போடு."

அப்பாடா என்று இருந்தது. அதற்காகவே அவருக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கலாம் என்று தட்டுகளை எடுத்தேன். ஒரு தட்டில் உரித்த தோல், வெள்ளைக் கிழங்கின் தோல். சிவப்பு வைத்த தட்டு வெறுமையாகக் கிடந்தது.

எது சிவப்பென்று விரலாலேயே கண்டுபிடித்திருக்கிறார் விசர் மனுசன்.

"பொய் சொல்லுறதெண்டாலும் தோலை ஒளிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் கண்கட்டை அவிழ்க்கவில்லை. "மூண்டு நாளும் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு வரிசை முடியேக்கையும் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிமிருறாய். எனக்கு இனி ருசி என்னத்துக்கு?"

"அதை அப்பவே சொல்ல வாய் வரேல்லை! கிழங்கிலை மண்வெட்டி படுதெண்டு கத்த மட்டும் வந்தது!"

அழுகை வந்தது. அழக்கூட உடம்பில் சத்தில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், சிவப்புக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன செய்யிறாய்?"

"விதைக்குப் பொறுக்கிறன். ரெண்டே ரெண்டு வரிசைக்கு."

"வேண்டாமப்பா."

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

சண்டை பிடித்திருந்தாரென்றால் நான் வென்றிருப்பேன். விட்டுக்கொடுத்துக் கெடுத்துப்போட்டார். இரண்டு வரிசைக்கென்றுதான் தொடங்கினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, பொறுக்கி வைத்தது நாலு வரிசைக்குக் காணும்போல் இருந்தது.