அண்ணன் சொன்ன பதில்

சட்டையின் உள் பையில் அண்ணனுடைய போன் மறுபடியும் அதிர்ந்தது. குபாத் இருமுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே கையால் காரை வளைவில் திருப்பினான். பக்கத்து இருக்கையில் அண்ணன் மகள் மீரிம் தன் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் போட்டாள்.

"எடுக்கலை பாருங்க. வீம்பு! ஆளை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லத் தெரியுது, போனை எடுக்கத் தெரியலை."

"தூங்குவார்."

"பட்டப்பகல்லயா? அம்மாவும் எடுக்க மாட்டேங்கறா. ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டாங்க."

அண்ணன் எசென் நேற்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவுச் சேதியை வழியில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் ஊரான நாரினில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூரில் இருக்கிற பிள்ளையை எதையாவது சாக்குச் சொல்லி வீட்டு வாசல்வரை கொண்டுவந்துவிட வேண்டும். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ளப் பெண்கள் நிற்கிற இடத்தில்தான் வாயைத் திறக்க வேண்டும். சாக்குக்கு குபாத் எங்கேயும் போய்த் தேடவில்லை. "வேலை விஷயமா அப்பா நேர்ல பேசணுங்கறார்" என்றதும், தலைநகர் பிஷ்கெக்கின் மாணவர் விடுதியிலிருந்து மீரிம் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அண்ணனுடைய போனை அண்ணிதான் அவன் பையில் போட்டுவிட்டாள். அணைத்து வைத்தால் பெண் சந்தேகப்படுவாளாம்.

படிப்பு முடிந்த கையோடு மீரிமுக்கு இரண்டு வேலை வந்திருந்தது. ஒன்று, ஊர் வங்கியில் கடன் பிரிவில். மேலாளர் எசெனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்கு ஆடு வெட்டி விருந்து வைத்து அண்ணன் பிடித்த இடம் அது. இன்னொன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாட்டியில் ஒரு தணிக்கைக் கம்பெனியில். அது அவளாகவே பரீட்சைமேல் பரீட்சை எழுதி வாங்கியது. அல்மாட்டிக்காரர்களுக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் போயாக வேண்டும்.

"ஆட்டுக்கறிக்கு வாங்கின வேலை சித்தப்பா அது. அந்த நாற்காலியில உக்காந்தா எனக்கே கொழுப்பு வாடை அடிக்கும்."

"உங்கப்பா மானத்தை விட்டுப் போய்க் கேட்டார்டி."

"நான் கேக்கச் சொன்னேனா? போன வாரம் போன்ல என்ன சொன்னார் தெரியுமா? அல்மாட்டிக்குப் போனா நான் செத்தாக்கூட வராதேன்னார். சரி, வரலைன்னுட்டேன்."

கார் ஒரு பக்கமாக இழுத்தது. குபாத் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவள்தான் கொன்றாள். குபாத் அதைச் சத்தியமாக நம்பினான். வண்டியை நிறுத்தி, அந்த வார்த்தையை அவள் மூஞ்சியில் வீசிவிட வேண்டும்போல நாக்கு துடித்தது.

"பாருங்க, நான் உள்ளே நுழைஞ்சதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பார். படிக்கக் கிளம்பினப்பவும் இதே நாடகம்தான்."

"வாயை மூடிட்டு வா."

"ஏன் மூடணும்?"

வழியில் கோச்கோரில் டீக்கு நிறுத்தினார்கள். கடைக்காரிக்குச் சேதி எட்டியிருந்தது. மீரிமைப் பார்த்ததும் தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போகும்வரை மீரிம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இவகிட்டயும் புலம்பியிருக்கார். மக அடங்காப்பிடாரி, அப்பனை விட்டுட்டுப் போறான்னு. ஊரே என்னைப் பாவமா பார்க்குது."

குபாத் சூடு ஆறாத டீயை அப்படியே விழுங்கினான். அவளோ ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள், ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் இறங்கியது.

"சித்தப்பா, நீங்க போட்டா எடுப்பார். ஒரே ஒரு தடவை கேளுங்க. வங்கிதான்னு அவர் வாயால சொல்லட்டும், அல்மாட்டியை விட்டுடறேன். சண்டை போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. போன்னு சொன்னார்னா போறேன். சொல்ல மாட்டார். ஆனாலும் கேளுங்க."

குபாத் எழுந்து கடைக்கு வெளியே பாப்லர் மரங்களுக்குப் பக்கத்தில் போய், தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை அசைத்தான்.

முந்தாநாள் அண்ணன் கொல்லைக் கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, ஆணியைப் பல்லில் கடித்தபடியே கேட்டார். "அல்மாட்டிக்கு நம்ம ஊர்லேருந்து நேரா பஸ் இருக்காடா?"

"இல்லண்ணே. பிஷ்கெக்ல இறங்கி மாறணும்."

"ம். மாறிப் போனா ஆச்சு."

அவ்வளவுதான் கேட்டார். பிறகு சுத்தியலை ஓங்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று குபாத்துக்குப் புரியாமலில்லை. ஆனால் அண்ணி இனி அந்த வீட்டில் தனியாகக் கிடப்பாள். குபாத்தின் பையன்கள் இருவரும் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அந்த மாட்டையும் புல்லையும் அண்ணியையும் யார் பார்ப்பது? எல்லாம் தன் தலையில்தான் விடியும். எல்லாவற்றுக்கும் மேலே, இவள் ஜெயித்துவிட்டுப் போகக் கூடாது. அண்ணனை அப்படிப் பேசியவள் சிரித்துக்கொண்டு போகக் கூடாது.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"வங்கிதானாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

மீரிம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து போனில் தட்ட ஆரம்பித்தாள். தட்டினாள், அழித்தாள், மறுபடியும் தட்டினாள். கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அனுப்பிட்டேன். வரலைன்னு எழுதிட்டேன். ஜெயிச்சுட்டார், சந்தோஷமா இருக்கச் சொல்லுங்க."

கார் தோலோன் கணவாயில் ஏறி இறங்கியது. உன் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் அண்ணே என்று குபாத் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மனசு ஆறவில்லை. ஒருமுறை அவள் மூக்கை உறிஞ்சினாள். காற்று வர ஜன்னலை இறக்கிவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

நாரினுக்குள் நுழைந்து அவர்கள் தெருவுக்குத் திரும்பியதும் முற்றத்தில், சாவு விழுந்த வீட்டில் எழுப்புகிற கம்பளிக் கூடாரம் தெரிந்தது. காலையில் அவன் கிளம்பும்போது தரையில் கட்டாகக் கிடந்தது, இப்போது எழும்பி நின்றது. வெளியே இடுப்பில் துணி கட்டிய ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். காரைப் பார்த்ததும் ஒருசேரக் குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள்.

"யாருக்கு?" என்றாள் மீரிம். "சித்தப்பா, யாருக்கு?"

கூடாரத்துக்குள்ளிருந்து அவள் அம்மா தலையில் கறுப்புத் துணியோடு வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் அவளைப் பிடித்திருந்தார்கள். குபாத் வண்டியை நிறுத்தினான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான்.

அவள் கத்தவில்லை.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தா?"

பெண்கள் காரை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். மீரிம் மடியிலிருந்த போனை எடுத்து, காலையிலிருந்து அழுத்திய அதே பெயரை அழுத்தினாள். கண்ணாடி ஏற்றிய காருக்குள், குபாத்தின் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல அந்த அதிர்வு கேட்டது. அவள் மெதுவாகத் திரும்பி அவன் சட்டையைப் பார்த்தாள். அவன் எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

கதவைத் திறந்து பெண்கள் அவளைத் தோளோடு தாங்கி இறக்கினார்கள். அவள் போனை விடவில்லை. அம்மாவின் ஒப்பாரி எழும்பி, அவளைக் கூடாரத்துக்குள் வாங்கிக்கொண்டது. குபாத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பைக்குள் அண்ணனுடைய போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.