பதினாலாவது பாரம்

குருவிநத்தத்தில் கால் தரையில் பாவுவதற்கு விலை நானூற்று ஐம்பது ரூபாய். தபால் செலவு பதிப்பகத்தைச் சேர்ந்தது. பாகூர் வட்டாரத்தில் அது இதைவிட மலிவாக எங்கும் கிடைத்ததில்லை. விலை பின்னட்டையிலேயே அச்சாகியிருந்ததால் பேரம் பேசவும் வழியில்லை. சென்னையிலிருக்கும் ஆயிரங்கால் பதிப்பகம் வருடத்துக்கு நானூறு தலைப்பு போடுகிற பெரிய கம்பெனி. அந்த அளவுக்கு வளர்ந்த வியாபாரி, காசு கல்லாவில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் வாங்கியவன் முகத்தை மறந்துவிடுவான். இவர்கள் அப்படியில்லை என்பதற்கு இந்தப் பக்கத்தில் சாட்சிகள் உண்டு. கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் வாழைப்பழம் விற்கும் பலராமன் வாங்கிய அகராதி தலைகீழாகக் கட்டப்பட்டு வந்தது. அது கடையில் இருந்த பதினோரு நாளும் கடலூர் பஸ்ஸில் ஏறியவர்கள் புதுச்சேரியில் இறங்கினார்கள். கம்பெனி வேறு அகராதி அனுப்பிய அன்றே பஸ்கள் ஒழுங்குக்கு வந்தன. மடுகரை விருத்தாம்பாளின் சமையல் புத்தகத்தில் ஒரே பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்ததில், அந்த வாரம் அவள் வீட்டுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை இரண்டு வந்தது. உபரிச் செவ்வாயைத் திருப்பி அனுப்பும்படி கேட்டு, அதற்குத் தபால்தலையும் சேர்த்து அனுப்பினார்கள்.

குருவிநத்தத்து விவகாரம் கரும்பில் ஆரம்பித்தது. பச்சையப்பனுக்கு அங்கே மூன்று ஏக்கர் கரும்பு. அந்த வருடம் அவர்கள் குடும்பத்துக்கு அதைத் தவிர வேறு வெள்ளாமை இல்லை. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் பதினைந்து நாளுக்குள் வெட்டி லாரி ஏற்றிவிட வேண்டும். தவறினால் உத்தரவு அடுத்தவனுக்குப் போய்விடும், கரும்பு நின்ற இடத்திலேயே விறகாகும். ஆனால் வெட்டுக்கு ஆள் பிடிப்பதைவிடப் பிடித்த ஆளை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. ஒருவன் வயலில் வெட்டிக்கொண்டிருப்பவர்களை அடுத்தவன் கோழிக்கறி போட்டு இழுத்துக்கொண்டு போவது அந்தப் பருவத்து நடைமுறை. பச்சையப்பன் மனைவி செல்வகுமாரி யோசித்தாள். கறி என்றால் இருபத்தொரு வாய்க்கும் போட வேண்டும். கதை என்றால் ஒரு வாய் போதும். ஆயிரங்காலில் எழுநூறு பக்க நாவல் ஒன்றை அந்த நானூற்று ஐம்பது ரூபாய்க்கு வரவழைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரப்பில் உட்கார்ந்து தினம் முப்பது பக்கம் உரக்கப் படித்தாள்; யாருக்காவது உயிர் போகிற இடமாகப் பார்த்து நிறுத்தினாள். மறுநாள் காலையில் இருபத்தொரு பேரும் கொடுவாளோடு வந்து நின்றார்கள். பக்கத்து வயலில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள், இருநூற்றெட்டாம் பக்கத்தின் கடைசி வரியில், மரகதம் என்கிற நாவல் பெண் கிணற்றுப் படியிலிருந்து வலது காலை எடுத்தாள். செல்வகுமாரி எதிர்ப்பக்கத்துக்குப் போனாள். அது இருநூற்று இருபத்தைந்து. அதில் யாருக்கோ கல்யாணம் முடிந்து பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பதினாறு பக்கத்தைக் காணோம். மரகதம் தூக்கிய காலோடு நின்றாள். வரப்பில் இருந்தவர்கள் வேலைக்கு எழுந்தபோது ஒருவர் காலும் மண்ணில் படவில்லை. செல்வகுமாரியையும் சேர்த்து இருபத்திரண்டு பேர், தரைக்கு முக்கால் அடி மேலே, வரிசையாக நின்றார்கள்.

டீக்கடையிலிருந்து வந்த பச்சையப்பன் கதை கேட்காததால் தரையிலேயே இருந்தான். “இன்னாடி இது? கூலி ஏறும்னு நெனச்சேன், ஆளே ஏறிட்டாங்களே,” என்றான்.

“நீ கொஞ்சம் சும்மா இருய்யா. குனிஞ்சா பின்னாடி தூக்குது,” என்றாள் செல்வகுமாரி.

கரும்பை மண்ணோடு ஒட்டி வெட்ட வேண்டும். சர்க்கரை அடிக்கணுவில்தான் இருக்கிறது. முக்கால் அடி கட்டை விட்டால் எடையும் போகும், அடிக்கட்டையிலிருந்து அடுத்த வருடம் வர வேண்டிய மறுதாம்பும் சரியாகத் துளிர்க்காது. மேஸ்திரி நடேசன் ஆட்களைப் படுத்து வெட்டச் சொன்னார். அவர்கள் முக்கால் அடி உயரத்தில் படுத்தார்கள். வெட்டுக்கு வந்த பாக்யராஜின் இடுப்பில் அம்மிக்குழவியைக் கட்டிப் பார்த்தார்கள்; குழவியும் அவனோடு சேர்ந்து மிதந்தது. இந்த நிலைமையில் பக்கத்து வயல்காரனும் அவர்களைக் கறிக்குக் கூப்பிடவில்லை.

நாவலின் கடைசித் தாளில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பாரம் குறைந்திருந்தால் தெரிவிக்கவும், ஈடு செய்கிறோம்.’ அச்சுத் தொழிலில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். குருவிநத்தத்தில் பாரம் என்றால் தலையில் தூக்குவது, லாரியில் ஏற்றுவது. ஆகவே அந்த வரியைப் படித்ததும் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பச்சையப்பன் புத்தகத்தை மளிகைக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்து, எண்ணூற்று நாற்பது கிராம் என்று குறித்துக்கொண்டு வந்தான். “பெரிய கம்பெனி. நம்ம போனையெல்லாம் எவன் எடுப்பான்?” என்று சொல்லிக்கொண்டே நம்பரைப் போட்டுக் கொடுத்தான். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். வாசகர் குறை தீர்க்கும் பிரிவு, நாகராஜன் பேசுகிறேன் என்றது குரல்.

“பாரம் குறையுதுங்க,” என்றாள் செல்வகுமாரி.

“எத்தனாவது பாரம்மா?”

“எத்தனாவதுன்னா? எல்லாருக்குந்தான் குறையுது. இருபத்திரண்டு பேரு.”

மறுமுனையில் எழுதுகிற சத்தம் கேட்டது. “தரையிலேருந்து எவ்வளவு ஒசரம்?”

“முக்கால் அடி இருக்கும்.”

“அப்ப பதினாலுதான்,” என்றார் நாகராஜன், மளிகைக்காரர் பருப்பு வகையைச் சொல்வதுபோல. “ஒம்பதாவது போயிருந்தா ஒண்ணரை அடி வந்திருக்கும். பதினாலு கையிருப்புல இல்லம்மா, புதுசா அச்சு ஓட்டணும். மெஷின்ல ஏத்திட்டா ஆயிரத்து நூறுக்குக் கொறச்சு ஓட்ட முடியாது. உங்களுக்கு ஒண்ணு போதும், மீதிய நாங்க பார்த்துக்கறோம். ஏதாவது அவசரமா?”

“வெட்டு உத்தரவு முடிய எட்டு நாள்தான் இருக்குங்க.”

“நாலாம் நாள் பஸ்ல வந்துடும்.”

பச்சையப்பன் மனைவியின் காதருகே எம்பி, “கழிவு ஏதாவது உண்டான்னு கேளுடி,” என்றான். அது சென்னைக்கும் கேட்டுவிட்டது.

“கழிவு தரலாம் சார்,” என்றார் நாகராஜன். “ஆனா கழிச்சா இன்னும் மேல போயிடுவாங்க.”

சொன்னபடி நாலாம் நாள் பார்சல் வந்தது. பதினாறு பக்கம், மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். ஆனால் பஸ் இடது பக்கம் சாய்ந்துகொண்டே கிருமாம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதற்கு இருபத்திரண்டு பேருக்கான டிக்கெட் போட்டிருந்தார். கம்பெனி அந்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தது. நாலு பேர் புரட்டி டிராக்டரில் ஏற்றினார்கள். டிராக்டர் முதல் கியரிலேயே குருவிநத்தம் வந்தது. உத்தரவு முடிய இன்னும் நாலு நாள், நிற்கிற கரும்போ ஒன்றரை ஏக்கர். செல்வகுமாரி எல்லோரையும் வரப்புக்குக் கூப்பிட்டாள். ஆரோக்கியம் மட்டும் வரவில்லை.

ஆரோக்கியத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்று, களை, கரும்பு என்று நாற்பது வருடம் குனிந்து சம்பாதித்த முட்டிவலி அவளுடையது. மேலே நின்ற நாலு நாளும் அது இல்லை. முதல் நாள் அது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று காத்திருந்தாள். இரண்டாம் நாள், வராது என்று தெரிந்துகொண்டாள்.

“நீ படி கண்ணு. நான் கேக்கல,” என்றாள்.

“மரகதம் இன்னா ஆனான்னு தெரிய வேணாமாக்கா?”

“இன்னா ஆவா, காலைக் கீழ வைப்பா. அவ வச்சா எனக்கு வலிக்கும்.”

மருமகள் சுகன்யாவுக்கு வேறு கவலை. “அப்ப கோயில்ல எப்படி அத்தை முட்டி போடுவ?”

“முட்டிவலி போகணும்னுதானேடி இத்தன வருசமா முட்டி போட்டேன்.”

செல்வகுமாரி வற்புறுத்தவில்லை. கதை கேட்க வரச்சொல்லி ஆள் பிடித்தவளுக்கு, வராதவளைக் கட்டாயப்படுத்த நியாயம் இல்லை என்று தோன்றியிருக்கலாம். ஆரோக்கியம் காற்றில் நடந்து வயலின் கோடிக்குப் போய், போர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

செல்வகுமாரி படித்தாள். ஒன்பதாவது பக்கத்தில் மரகதத்தின் பாதம் தண்ணீரில் பட்டது. வரப்பில் இருபத்தொரு பேரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள், மண் மெத்தென்று ஒரு தடவை அதிர்ந்தது. அவரவர் பாரம் அவரவர்க்கு வந்து சேர்ந்தது: நடேசனுக்கு இடுப்பு, பாக்யராஜுக்கு வண்டித் தவணை, சுகன்யாவுக்குப் பிள்ளையின் பரீட்சை. ஒன்றும் மாறிப் போகவில்லை. அடுத்தவருடையது யாருக்கும் வரவில்லை. பார்சல் கட்டும் விதத்தில் அந்தக் கம்பெனிக்கு இருந்த சுத்தத்தைப் பச்சையப்பனே மெச்சினான். மிச்ச ஏழு பக்கத்தையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் கொடுவாளை எடுத்தார்கள். மூன்றரை நாளில் கரும்பு மண்ணோடு ஒட்ட வெட்டுப்பட்டு விழுந்தது. ஆரோக்கியம் லாரிக்குப் பக்கத்தில் முக்கால் அடி கூடுதல் உயரத்தில் நின்று கட்டுகளை வாங்கி வாங்கி மேலே கொடுத்தாள். ஏற்றுக்கூலி வெட்டுக்கூலியைவிட அதிகம், அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உத்தரவு முடிகிற அன்று சாயங்காலம் கடைசி லாரி ஆலைக்குப் போயிற்று.

அதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் ஆரோக்கியத்தின் செருப்பில் சேறு ஒட்டுவதில்லை. நற்கருணை கொடுக்கும்போது சாமியார் கையைச் சற்று உயர்த்துகிறார். ரேஷன் கடையில் அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் பலகை தெரியவில்லை என்று முணுமுணுப்பதோடு சரி. செல்வகுமாரி நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் ஒருவர் இறங்கவில்லை என்ற உண்மையையும் எழுதியிருந்தாள். வேறு வியாபாரியாக இருந்தால் அதோடு புத்தகத்தை மூடியிருப்பான். ஆயிரங்கால் பதிப்பகம் மூடவில்லை. அன்றிலிருந்து வருடா வருடம் தை மாதத்தில் ஆரோக்கியத்தின் பெயருக்கு ஒரு கடிதம் வருகிறது. தங்களுக்குச் சேர வேண்டியது எங்களிடம் நனையாமல் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், காலக்கெடு இல்லை என்று அதில் இருக்கும். செல்வகுமாரிதான் படித்துக் காட்டுவாள். “நல்ல மனுசங்க. அவங்ககிட்டயே இருக்கட்டும்னு எழுது,” என்பாள் ஆரோக்கியம். இந்த வருடக் கடிதமும் போன வாரம் வந்தது. அடியில், நாகராஜனின் கையெழுத்துக்கு மேலே, எப்போதும்போல நாலு வரி:

வாசகர்: ஆரோக்கியம், குருவிநத்தம்.
நாங்கள் தர வேண்டிய பாரம்: ஒன்று.
பெற்றுக்கொண்டது: இல்லை.
பாக்கி: ஒன்று.