வாழைத்தோட்டத்துக்குப் போகும் சுற்றுவழி

1

இந்தக் கதை ஒரு பக்க விளம்பரமாகப் பிறந்திருக்க வேண்டியது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவளுக்கு எழுத்து தானாக வரும் என்று நம்பி, விடுதி மேலாளர் என்னிடம் கேட்டார். ஒவ்வொரு அறையிலும் கட்டில் பக்கத்தில் வைப்பார்களாம். மலைக்காட்டு நடை, கொரில்லா தரிசனம், வாழ்நாள் அனுபவம் எல்லாம் இருக்க வேண்டும். சோகம் கூடாது. சேற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் கூடவே கூடாது.

முதல் தொடக்கம்: "மூடுபனி போர்த்திய மலைகளின் மௌனத்தில்..."

[விட்டுவிட்டேன். எங்கள் மலையில் மௌனம் கிடையாது. தவளை ஓய்ந்தால் தேவாலயத்து ஒலிபெருக்கி ஆரம்பிக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: "நம் மூதாதையரின் கண்களை நேருக்கு நேர்..."

[இதையும். என் மூதாதையரை எனக்குத் தெரியும். கொரில்லாவைவிடக் கோபக்காரர்கள். அவர்களைப் பார்க்க ஒருவரும் காசு கொடுக்க மாட்டார்கள்.]

கடைசியில் நடந்ததையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மேலாளருக்கு இது உதவாது.

2

முஹாங்கி என்றொரு வழிகாட்டி. காட்டில் ஒடிந்த ஒரு தண்டைப் பார்த்தே கொரில்லாக் குடும்பம் போன திசையைச் சொல்லிவிடுவான். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் அவனிடம் உண்டு. கொரில்லா பக்கத்திலேயே இருந்தாலும் நேராகக் கூட்டிப்போக மாட்டான். கடல் கடந்து வந்தவர்கள், சாப்பிட்ட காலை உணவு செரிப்பதற்குள் கொரில்லாவைப் பார்த்துவிட்டால், ஏமாந்தவர்கள் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஏற்றி, இறக்கி, ஓடையில் விழவைத்து, முள்ளில் சட்டையைக் கிழியவைத்து, ஒருவராவது அழப்போகும் சமயத்தில்தான் 'உஷ்' என்பான்.

[கதை எழுதுகிறவர்கள் பிழைப்பும் இதுதான். இந்தக் கதை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு முதல் வரியிலேயே தெரியும். கொஞ்சம் நடங்கள், உடம்புக்கு நல்லது.]

அன்று காலை, தடம் பார்க்க முன்னால் போன ஆட்கள் வாக்கிடாக்கியில் சொன்ன செய்தி அவனுக்கு இனிக்கவில்லை. முகுருவின் குடும்பம் காட்டிலேயே இல்லை. முகுரு என்றால் பெரியவர்; முதுகு நரைத்த தலைவன். தன் பெண்டு பிள்ளைகளோடு இறங்கிவந்து, விடுதிக்குக் கீழே கொபுசிங்யே என்ற விதவையின் தோட்டத்தில் வாழைமரங்களைப் பிளந்து தண்டு தின்றுகொண்டிருந்தது. விரட்டுகிற ஆட்கள் மணியோடு தயாராக நின்றார்கள். முஹாங்கி வாக்கிடாக்கியில் சொன்னான்: "கொஞ்சம் பொறுங்க."

இந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அப்புறம் விருந்தினர் எட்டுப் பேரையும் தோட்டத்துக்கு நேர் எதிர்த்திசையில் காட்டுக்குள் ஏற்றினான். தொழில் தந்திரம் பாதிக் காரணம். மீதிப் பாதி பயம். கொபுசிங்யே அவன் மாமியார்.

3

இங்கே ஒரு பாத்திரம் சரியாக அமையவில்லை. முஹாங்கியின் மனைவி நின்சீமா. மழைக்காலத்தின் நடுவிலிருந்து அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். எத்தனை முறை எழுதினாலும் சமையல் குடிலைவிட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். மூன்று வரைவுகளில் அவளை அழகியாக்கிப் பார்த்தேன். ஒன்றில் பாடக்கூட வைத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. அவள் ஏன் வந்தாள் என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. மலை ஆட்கள் பின்னல் டோலியில் படுக்கவைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். நோயாளி டோலி வந்தால் கல்யாண ஊர்வலமே வாய்க்காலில் இறங்கி வழி விடும். எங்கள் மலையில் அதைச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியதில்லை. அன்று எதிரே இன்னொரு டோலி ஏறிவந்தது. அதில், நடக்கச் சோம்பல்பட்ட ஒரு விருந்தினர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் முஹாங்கி. ஒற்றையடிப் பாதை. அவன் தலையை நிமிர்த்தாமல் கையை உயர்த்தினான்: "கொஞ்சம் பொறுங்க. இவங்களுக்கு நேரமாச்சு."

பொறுத்தார்கள். போர்வைக்குள் கிடந்தவர் தன் மாமனார் என்று அவனுக்குத் தெரியாது. டோலிக்குப் பின்னால் குடையோடு நின்சீமா நின்றதையும் அவன் பார்க்கவில்லை.

அப்பா அந்த வாரமே

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். நல்ல மனிதர்.]

டோலியில் யார் என்று பார்க்கவில்லை என்றான் முஹாங்கி. யாரென்று பார்த்துத்தான் வழி விடுவீர்களா என்று நின்சீமா கேட்டாள். அன்று அம்மா வீட்டுக்கு வந்தவள்தான். வழக்கப்படி கணவன் வாழைக் கள்ளுப் பானையோடு நாலு பேரைக் கூட்டிவந்து, தவறைத் தன் வாயால் சொல்லவேண்டும். அதுவரை இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. அவன் வரவில்லை. காட்டில் வேலை அதிகம் என்று ஆள்மேல் ஆள் சொல்லியனுப்பினான்.

4

சுற்றிச் சுற்றி வந்தாலும் தோட்டம் வராமல் போகுமா? வந்தார்கள். விருந்தினர்களுக்கு மூச்சு வாங்கியது; முகக்கவசத்துக்கு மேலே கண்கள் பளபளத்தன. நடுவில் முகுரு. அதற்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு கொபுசிங்யே.

மாமியாரும் மருமகனும் எங்கள் பக்கம் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் யாராவது வேண்டும். அன்று நடுவில் இருந்தது ஒரு கொரில்லா. ஆட்டைத் திட்டுவதுபோல் ஆளைத் திட்டுவதில் கொபுசிங்யேக்கு இணை கிடையாது.

"வாப்பா முகுரு," என்றாள். "நீயாவது வந்தியே. இந்த வீட்டுக்கு மருமகன்னு ஒருத்தர் இருக்காரு. எந்த மரத்தடியில எந்தக் கொரில்லா தும்முச்சுன்னு கேளு, சொல்வாரு. பொண்டாட்டி எங்க இருக்கான்னா மட்டும் தடம் தெரியாது."

முகுரு தண்டை மென்றது.

"இத்தனை பொண்டாட்டி வச்சிருக்கியே, ஒருத்தியாவது கோவிச்சுக்கிட்டுப் போனாளா? போகமாட்டா. நீ முன்னால போனாலும் நின்னு திரும்பிப் பாக்குற."

முஹாங்கியும் கொரில்லாவின் முதுகைப் பார்த்துப் பேசினான்.

"பெரியவரே, ரெண்டு தடவ கள்ளு ஊற வச்சேன். ரெண்டும் புளிச்சுப் போச்சு. வேலைன்னு சொன்னது பொய். பயம். வந்தா என் வாயால சொல்லணுமே. அன்னிக்கு நான் வழி விடல. யாரா இருந்தாலும் விட்டிருக்கணும்."

நீல மழைச்சட்டை போட்ட விருந்தினர் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். பழைய சடங்கு, காட்டின் அரசனிடம் மக்கள் அனுமதி கேட்கிறார்கள் என்றான் முஹாங்கி. அரசன் அப்போது நீளமாக ஒரு வாயு விட்டது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். விருந்தினர்களுக்கு அனுமதித்த ஒரு மணி நேரம் முடிந்தது. மணியடித்து முகுருவைக் காட்டுக்குள் திருப்பினார்கள். பாதித் தோட்டம் போயிருந்தது.

5

மேலாளருக்கான முடிவு: மனிதனும் விலங்கும் இணக்கமாக வாழும் இம்மலைக்கு மறுபடி வாருங்கள்.

ஊருக்குப் பிடித்த முடிவு: கள்ளு ஏற்கப்பட்டது, மனைவி கணவன் வீட்டுக்குத் திரும்பினாள், அடுத்த ஆண்டு ஆண் குழந்தை, பெயர் முகுரு.

நின்சீமாவுக்கான முடிவு...

[அவள்தான் சமையல் குடிலைவிட்டு வரமாட்டேன் என்கிறாளே. அன்றும் தோட்டத்தை ஒட்டிய அந்தக் குடிலின் கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவன் 'பயம்' என்ற இடத்தில் கதவில் கை வைத்தாள். ஆனால் மன்னிப்பு கேட்கப்பட்டது கொரில்லாவிடம். அது மன்னித்ததா என்று தெரியவில்லை.]

கதவிடுக்கில் கேட்டதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? இவ்வளவு தூரம் சுற்றி அழைத்துவந்தது அதற்குத்தான். கொபுசிங்யே என் அம்மா. அந்தக் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முற்றத்தில் இப்போது ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அப்பாவைத் தூக்கிய அதே மலை ஆட்கள் நாலு பேர். முன்னால் முஹாங்கி, தோளில் கள்ளுப் பானை. பானையை இறக்கச் சொன்னால் பேச்சைக் கேட்கச் சம்மதம் என்று பொருள்; சொல்ல வேண்டியவள் மனைவி, அதாவது நான். அம்மா கோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்: "ஏ கோழி, உள்ள ஒருத்தி எழுதிக்கிட்டே இருக்கா. எப்ப முடியும்னு கேட்டுச் சொல்லு."

நின்சீமா எழுந்தாள்

[இல்லை.]

நின்சீமா எழவில்லை

[இதுவும் இல்லை.]

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நடுவில் யாராவது வேண்டும். காட்டில் போய்க் கொரில்லாவைத் தேட எனக்குத் தெம்பில்லை, ஆகவே வாசகரே, நீங்கள் கொஞ்சம் இப்படி நடுவில் நில்லுங்கள். இதுவரை எழுதியதை வாய்விட்டுத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கதவு மெல்லிய மூங்கில் கதவு. இனி எழுதப்போவதையும் உங்களிடம்தான் சொல்கிறேன், வேறு யாரிடமும் இல்லை.

அந்தப் பானையைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். நெடுநேரமாகத் தோளில் வைத்திருக்கிறார், வலிக்கும். கதவைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.