டி என்கிற எழுத்து

சேக் தாவூதுக்கு நான்கு நாளாகத் தலைகால் புரியவில்லை. ஏ.டி. நிட்ஸ் பனியன் கம்பெனிக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு லோகோ, ஒரு விசிட்டிங் கார்டு! திருப்பூரில் கம்பெனிக்குப் பேர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கூட்டாளிகளின் முதல் எழுத்துகளை இங்கிலீஷில் ஒட்டிவைத்தால் தீர்ந்தது. ஆறுமுகசாமிக்கு ஏ, தாவூதுக்கு டி. மங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் எட்டு மெஷினோடு தொடங்கியபோது ஆறுமுகசாமியே கதவில் சுண்ணாம்பால் எழுதியது அது.

ஆறுமுகசாமியின் மகன் தீனதயாளன் படிப்பை முடித்துக் கம்பெனிக்கு வந்து ஆறு மாதம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரும் கண்காட்சிக்குப் புதுக் கார்டு வேண்டும் என்றான். "எழுத வேண்டியதை நீ எழுதி அனுப்பு சாமி, ஓடியாடறதை மாமா பாத்துக்கறேன்" என்று கிளம்பிய தாவூது, அனுப்பர்பாளையத்தில் டிசைன் கடை வைத்திருக்கும் கிருத்திகாவைப் படுத்தி எடுத்துவிட்டார்.

"மயிலு ஒண்ணு வையி கண்ணு, ஆறுமுகத்துக்கு மயிலுன்னா உசுரு. பக்கத்துல மெஷினு, சுத்தி உலக உருண்டை."

"பாய், கல்யாணப் பத்திரிகையாங்க அடிக்கறோம்?" அவள் சிரித்துவிட்டாள். "பனியன் கழுத்து லேபிள்ல நகத்தளவுதான் வருமுங்க. அதுலயும் தெரியோணும். கறுப்பு வெள்ளையில அடிச்சாலும் தெரியோணும். ரெண்டு எழுத்துப் போதுமுங்க."

மயில் போனது, உருண்டை போனது. கடைசியில் இரண்டு எழுத்துகள் மட்டும் நின்றன. ஒரே நூல் ஏ-யில் புறப்பட்டு, அறுபடாமல் டி-யில் போய் முடிந்தது. தாவூது அதைப் போனில் படம் பிடித்து மனைவி ஜஹானாராவுக்கு அனுப்பினார். "ரெண்டாவதா நிக்கறது நான்" என்று கூடவே குரலும் பதிந்து அனுப்பினார். அவள் தெருவெல்லாம் காட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள் கடைக்குப் போனபோது, அச்சுக்கு முன் சரிபார்க்க கார்டின் புரூஃப் தயாராக இருந்தது. முன்பக்கம் லோகோ. பின்பக்கம், தீனதயாளன் அனுப்பியிருந்த வாசகம். நிறுவனர் ஆறுமுகசாமி, இயக்குநர் தீனதயாளன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஏ.டி. என்றால் ஆறுமுகசாமி, தீனதயாளன். அப்பாவும் மகனும் கட்டிய குடும்ப நிறுவனம்.'

தாவூது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கட்டினானாமே மகன்! அன்றைக்கு அவனுக்குப் பால்பல்லே முளைக்கவில்லை. என்ன அநியாயம் இது?

வெளியே வந்து ஆறுமுகசாமிக்குப் போன் போட்டார்.

"ஆறுமுகம், கார்டைப் பாத்தியா?"

"பாத்தேன் தாவூது. குடும்பக் கம்பெனின்னா பையர் பிரியப்படுவாங்கன்னு பையன் சொல்றான். எழுத்து ஒண்ணும் மாறலையே, அதே டி தானே?"

"எம்பேரு?"

"உனக்கெதுக்கப்பா கார்டு? உன்னையத் தெரியாதவங்க ஆரு இருக்கறாங்க?"

தாவூது போனை வைத்துவிட்டார். பங்கு எங்கும் போகவில்லை, பேர்தான் போனது. அதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? தொடங்கிய காலத்தில் ஒரே தட்டில் சோறு தின்றவன் இப்படி வழவழவென்று பேசுவான் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

உள்ளே வந்ததும் கிருத்திகா கேட்டாள். "தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா பாய்? இல்லீன்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இருந்தது. தீனதயாளன் பேரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆயிரம் கார்டும் தப்பாக வந்து, பையர் முன்னால் நின்று முழிக்கட்டும் என்று இருந்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. காய்ச்சல் வந்தால் இந்தத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவர் தூக்கி ஓடிய பிள்ளை.

"தம்பி பேருல ஒரு எழுத்து இல்லை பாரு கண்ணு. பேரு தப்பா வரக்கூடாது."

அவள் திருத்தினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

"கீழ பேரை முழுசா எழுதிருங்க. இத்தனை நாளாப் பாய் பாய்ங்கறேன், பேரே கேக்கலை பாருங்க."

எழுதிக் கொடுத்தார். அவள் தாளைப் பார்த்தாள். திரையில் இருந்த டி-யைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"ஒண்ணும் கேக்காதே கண்ணு" என்றார் தாவூது. "அச்சுக்குப் போடு."