பிஜுவின் கழுத்துப் பட்டி

மச்சாள் வந்து இறங்குவதற்குள் இந்தக் கழுத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

நினைத்து முடித்த பிறகுதான் அது எவ்வளவு பயங்கரமான நினைப்பு என்று சிவமலருக்கு உறைத்தது. நல்ல வேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை. கழுத்துக்குச் சொந்தக்காரனான பிஜு அவளுடைய காலடியில் மல்லாந்து கிடந்து, வயிற்றைத் தடவிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிஜு மகள் சாருஜாவின் நாய். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் படிக்கப் போனவள், விடுதியில் நாய்க்கு இடமில்லை என்று மொன்ட்ரியால்-நோரில் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டாள். "ரெண்டே ரெண்டு கிழமை, அம்மா" என்றாள். அது போன வருஷத்துக் கதை. அன்றைக்குச் சிவமலர் மனதுக்குள் ஒரு நீண்ட மறுப்புரை தயாரித்தாள். வாயில் வந்தது "ஓம்" மட்டுந்தான்.

அவளுக்கு எப்போதும் அப்படித்தான். உள்ளே ஒரு வழக்கறிஞர் இருந்தார். வெளியே அவர் வருவதேயில்லை.

போன ஞாயிறு மகளைப் பார்க்கப் போய், மரங்களுக்குள்ளால் நடந்துவிட்டு வந்தபோது பிஜுவின் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி இருந்தது. சாருஜாவே அதைக் கழற்றி எறிந்துவிட்டாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கணவர் விமலநாதன் அதை ஒரு பகிடியாக ரொறொன்ரோவில் இருக்கும் தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை; தொலைபேசியைச் சிவமலரிடம் கொடுக்கச் சொன்னார்.

"மலர், சனிக்கிழமை நான் பேரனையும் கூட்டிக்கொண்டெல்லோ வாறன். இப்பத்தான் தவழுறான். உண்ணி பிடிச்ச நாயோடை அவனை எப்பிடி விடுறது? மருந்துப் பட்டி ஒண்டு வாங்கிக் கட்டிவிடு."

"ஓம் மச்சாள்."

கனகவல்லி மச்சாளுக்கு வேறு பதில் சொல்லிச் சிவமலருக்குப் பழக்கமில்லை. மச்சாள் ஸ்பொன்சர் செய்தபடியால்தான் அவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கே ஒரு குளிர்கோட்டு கொண்டுவந்திருந்தார். இரண்டு சிவமலர்கள் உள்ளே குடியிருக்கலாம். "போகப் போக அளவாயிடும்" என்றார் மச்சாள். ஓம் மச்சாள். கோட்டு கடைசிவரை அளவாகவில்லை. கைமடிப்பைச் சுருட்டிச் சுருட்டியே எத்தனையோ பனிக்காலங்களைக் கடந்தாள்.

பிஜுவையும் கூட்டிக்கொண்டு இருவரும் போன கடையில் பட்டிகள் ஒரு சுவர் நிறையத் தொங்கின. மருந்துப் பட்டியோடு அன்றாடம் போட ஒரு சாதாரணப் பட்டியும் எடுக்க நினைத்தாள்; அது அவளுக்குச் சேலை எடுப்பது போல இருந்தது. பளபளவென்று கல் பதித்தவற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்பக்கம் சொரசொரவென்று குத்தியது. மணி கட்டியது ஒன்று. நாள் முழுக்கக் காதுக்குப் பக்கத்தில் கிணுகிணுத்தால் அவனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? கடைசியில் மெத்தென்ற, தட்டையான நீலப் பட்டியொன்றை பிஜுவின் கழுத்தில் மாட்டி, இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். விரல்கள் போயின, பட்டி தலையால் கழன்று வரவில்லை. இழுக்கும்போது இருமுகிற நாய் என்பதால், நடத்திப் போகும் கயிற்றைக் கொளுவ மார்பைச் சுற்றிக் கட்டுகிற வார் ஒன்றும் எடுத்தாள். தனக்கென்று ஒரு பொருளை இவ்வளவு நேரம் நின்று அவள் தேர்ந்தெடுத்ததில்லை.

மருந்துப் பட்டிதான் சிக்கல். எட்டுக் கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு ஒன்று, மேற்பட்டதற்கு ஒன்று.

"மேலை" என்றார் விமலநாதன், யோசிக்காமல். "வெளிக்கிடேக்கை நிறுத்துப் போட்டுத்தானே வந்தனான். எட்டரை."

டோர்வலில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிற மனிதர். நிறை விஷயத்தில் அவரோடு யாரும் வாதாடுவதில்லை. பெரிய நாய்ப் பட்டியை வாங்கினார்கள்.

வீட்டில் அதைக் கட்டியபோது அது இரண்டு சுற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பிஜு பின்னங்காலால் கழுத்தைச் சொறியத் தொடங்கினான். சிவமலர் ரோமத்தை விலக்கினாள். தோல் சிவந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, இவனை எப்பிடி நிறுத்தனீங்கள்?"

"எப்பிடியெண்டால்? சூட்கேஸ் தராசாலைதான்."

ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கொளுக்கித் தராசு. எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான்.

"தராசிலை நாயை எங்கை கொளுவினீங்கள்?"

"பயணப் பைக்குள்ளை வைச்சுத்தான்."

அவள் போய் அந்தப் பையை எடுத்து வந்தாள். சில்லும் கைபிடியும் வைத்த தடித்த பை. வெறும் பையைத் தராசில் கொளுவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பை மட்டுமே இரண்டரைக் கிலோ காட்டியது.

விமலநாதன் இலக்கத்தைப் பார்த்தார். பிஜுவைப் பார்த்தார். "உதுதான் இவ்வளவு காலமும் எங்களுக்கு எக்ஸ்ட்ரா பக்கேஜ் காசு வந்தது" என்றார்.

சிவமலர் சிரித்துக்கொண்டே பட்டியைக் கழற்றினாள். சிரிப்பு முடிந்ததும் பயம் வந்தது. மிருக வைத்தியரின் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து, பிரெஞ்சு பாதி ஆங்கிலம் பாதியாகக் கதைத்தாள். கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நாயைக் கொண்டுவாருங்கள் என்றாள் அங்கிருந்த பெண். தவழ்கிற குழந்தை வருகிறது என்று கேட்டதும், அப்படியென்றால் இந்த நாய்க்கு மருந்துப் பட்டியே வேண்டாம், குழந்தை பிடித்துவிட்டுக் கையை வாய்க்குள் வைக்கும் என்றாள். பிஜுவை அங்கே ஒழுங்காக நிறுத்து, உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமை மச்சாள் வந்தார். பேரன் கம்பளத்தில் இறக்கப்பட்ட கணமே பிஜுவை நோக்கித் தவழ்ந்தான். பிஜு மரியாதையாக எழுந்து சோபாவுக்குப் பின்னால் போனான்.

"எங்கை மருந்துப் பட்டி?" என்றார் மச்சாள். "இது வெறும் நீலப் பட்டியெல்லே?"

"மாத்திரை குடுத்திருக்கு மச்சாள். டொக்டர் தந்தது."

"மாத்திரை கண்ணுக்குத் தெரியுதே? அந்தா, அலுமாரிக்கு மேலை பெட்டி கிடக்கு. வாங்கிப்போட்டு ஏன் சும்மா வைச்சிருக்கிறாய்?"

"அது பெரிய நாயின்ரை. இவனுக்குக் கழுத்துச் சிவந்து போச்சு. பிள்ளை பிடிச்சுச் சூப்பினாலும் கூடாது."

"அவன் என்ரை மடியிலைதான் இருப்பான். கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிடன். போகப் போகச் சரியாயிடும்."

விமலநாதன் தொண்டையைச் செருமினார். "ரெண்டு நாள் தானே, மலர். அக்கான்ரை மனத் திருப்திக்கு."

மச்சாளே எழும்பிப் போய்ப் பெட்டியை எடுத்து, பட்டியை வெளியே இழுத்து நீட்டினார். மருந்து மணம் குப்பென்று அடித்தது. சிவமலரின் தொண்டை வரை அந்த "ஓம்" வந்து நின்றது. வழக்கமான இடம், வழக்கமான நேரம். அவளுக்கு ஏனோ சுருட்டிய கைமடிப்புகள் மணிக்கட்டில் கனப்பது போலிருந்தது. சோபாவுக்குப் பின்னாலிருந்து பிஜு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான். கட்டினால் பேசாமல் நின்று கட்டிக்கொள்வான். அவனும் அந்தச் சாதிதான்.

அவள் பட்டியை வாங்கினாள். மச்சாள் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சிவமலர் அதைப் பெட்டிக்குள் திரும்பச் சுருட்டி வைத்து, மூடி, குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள். குசினிக்குள் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் கட்டமாட்டன், மச்சாள்" என்றாள், குரலை உயர்த்தாமல். "தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி?"