கோடையில் சொன்னது

டரல் சன்னலைக் கழற்றிக்கொண்டிருந்தான். மவுறீன் ஒரு கதவை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். கடைசித் திருகாணி துருவேறி இறுகியிருந்தது. அவன் எண்ணெய் விட்டு, உளிப்பிடியால் தட்டினான். கதவு அவளுடைய கைகளுக்குள் இறங்கியது. நல்ல பாரம். இதை ஏற்றிய நாளிலும் அவள்தான் கீழே நின்று தாங்கினாள்.

"முதிரைப் பலகை," என்றான் டரல். "அண்ணன் ஒரு இடத்திலயும் ஆணி அடிக்கல்ல, பாருங்க. எல்லாம் பொருத்துத்தான்."

சன்னல் இருந்த இடத்தால் தூவானம் அடித்தது. அவள் வெளியே தொங்கிய தறப்பாளை இழுத்து மூடினாள். மாரி தொடங்கியதிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது.

அடுத்த அறையில் அவளுடைய கணவன் சார்ள்ஸ் கிடந்தார். நேற்றுக் காலை விறகு கொத்தப் போனவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்து வளவு நல்லரத்தினம் தோணியைக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இன்று விடிந்ததும் மகள் தானியாவும் சார்ள்ஸின் தம்பி டரலும் கதிரவெளியிலிருந்து அதே தோணியில் வந்து இறங்கினார்கள்.

சார்ள்ஸின் ஆட்கள் மட்டக்களப்பு டவுணில் தலைமுறையாய் மரம் இழைத்து ஓடாவி வேலை செய்யும் போர்த்துக்கேய வழிப் பறங்கியர். அவர்களுடைய வீட்டில் சவப்பெட்டி வாங்குவதில்லை. தகப்பனுக்கு மகன் செய்வான். அண்ணனுக்குத் தம்பி. ஓடாவி வீட்டில் பலகை இல்லாமல் போகுமா என்று டரல் உளியும் வாளும் போட்ட ஆயுதப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். வந்து பார்த்தால் ஒரு துண்டும் இல்லை.

"எங்க அக்கா, அண்ணன் கொண்டுவந்த பலகையெல்லாம்?"

"எரிச்சாச்சு. விறகெல்லாம் நனஞ்சிற்று. அவர்தான் எடுத்துத் தந்தார்."

டரல் அவளைப் பார்த்தான். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பார்வை சன்னலில் வந்து நின்றது.

கழற்றிய இரண்டு கதவுகளையும் நிலத்தில் போட்டுப் பெட்டிக்கு அளந்தபோது அவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "பெட்டியோட நீங்களும் வாறீங்க. வீட்டப் பூட்டுவம். சாமான மழை விட்டபிறகு நான் வந்து ஏத்துறன். எங்கட வீட்டில பிறிசில்லா உங்களுக்கு அறை ஒதுக்கிற்றா."

மவுறீன் பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.

இங்கே வந்த முதல் வருடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் செருப்பையும் தேடாமல் தோணியில் ஏறியிருப்பாள்.

சார்ள்ஸ் இந்த இடத்தை முதலில் கண்டது ஓர் ஆவணி மாதம். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குக் கதவு நிலை பொருத்தப் போனவரை, கூட வேலை செய்தவர்கள் மீன் பிடிக்கவென்று இவ்வளவு தூரம் கூட்டிவந்தார்கள். கதிரவெளிக்கு மேற்கே, உப்புநீர்க் களப்பைத் தோணியில் கடந்தால் விளாமுனை. நாலைந்து வீடு. அதற்குப் பின்னால் காடு. களப்பு கண்ணாடித் தட்டுப்போலக் கிடந்திருக்கிறது. அன்றிரவு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"ஒரு சத்தமும் இல்ல, மவுறீன்," என்றார். "தண்ணி அசையிற சத்தம் மட்டுந்தான்."

அவர் தேன் எடுப்பதைப் பற்றிப் பேசினார். மீனைப் பற்றிப் பேசினார். எந்த வாகனமும் ஹோர்ன் அடிக்காத காலை நேரங்களைப் பற்றிப் பேசினார். அடுத்த கோடைக்குள் வீடு எழும்பிவிட்டது. கிழக்குச் சுவரில் பாதி சன்னல். படுக்கையிலிருந்தே களப்பில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். விளாமுனையில் மற்ற எந்த வீட்டுக்கும் கிழக்கே ஒரு துவாரமும் இல்லை. இந்த ஆட்களுக்கு ரசனை இல்லை என்று சார்ள்ஸ் நினைத்தார்.

கார்த்திகையில் வாடை கிளம்பியது. மழை நேரே வந்து கட்டிலில் படுத்தது. அவர்கள் மெத்தையைச் சுருட்டி அடுப்படியில் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கிணறு உப்பு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த தானியா ஒரு மாதம் இருந்துபார்த்துவிட்டு, பாசிக்குடாவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

டரல் அளந்து முடிக்கையில் நல்லரத்தினம் மழைச்சட்டையை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பலகையின் மறுமுனையைப் பிடித்தார். டரல் அறுக்கும் வாளை இழுத்தான்.

"தம்பி, இந்தச் சன்னலால ஆக நல்லாப் பாத்தது ஆர் தெரியுமா?" என்றார் நல்லரத்தினம். "யானை. போன வருசம் தும்பிக்கைய உள்ளுக்கு விட்டு அரிசிச் சாக்கத் தூக்கிற்று. ஓடாவியார் கட்டிலுக்குக் கீழ. நம்மட நோனா மேல நிண்டு கூட்டுற தும்புத்தடியால அடிக்கா."

"தும்புத்தடியாலயா?" டரல் வாளை நிறுத்தினான்.

"வேற என்ன இரிந்த?" என்றாள் மவுறீன்.

டரலுக்குச் சிரிப்பு வந்தது. நல்லரத்தினமும் சிரித்தார். மவுறீனின் உதடும் அசைந்தது. பிறகு மூவரும் அடுத்த அறையின் திசையைப் பார்த்தார்கள். டரல் வாளை மறுபடி இழுத்தான்.

"நோனா," என்றார் நல்லரத்தினம், சிறிது நேரம் கழித்து. "அந்தப் பாலை மரத்தடி மேடு. பொடியன்மார விட்டுத் துப்பரவாக்கிற்றன். ஓடாவியார் எத்தின தரம் காட்டினவர். செத்தா என்னை இதிலதான் வைக்கணும் எண்டு."

டரல் நிமிர்ந்தான். "அண்ணன் டவுணுக்குத்தான். அப்பா அம்மா கிடக்கிற இடம் இரிக்கு."

"தம்பி, அது மனிசன்ட கடைசி ஆசை."

"ஆசப்பட்டுத்தானே இஞ்ச வந்து கிடக்கார்."

இருவரும் மவுறீனைப் பார்த்தார்கள். அவள் மரத்தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் அத எப்ப சொன்னவர்?" என்று நல்லரத்தினத்திடம் கேட்டாள்.

"எப்பயும் சொல்லுவார். அந்த மேட்டில இரிந்து கத கதைக்கக்குள்ள."

"அது கோடையில."

நல்லரத்தினம் யோசித்தார். "ஓம்," என்றார். "கோடையிலதான்."

"டவுணுக்குக் கொண்டுபோவம்," என்றாள் மவுறீன்.

நல்லரத்தினம் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் வாடியிருந்தது. ஆனால் பெட்டி முடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

சா வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. நல்லரத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை தன் வீட்டிலிருந்து பிளேன்டீ கொண்டுவந்தாள். மவுறீன் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தானியா அங்கே தாழ்வாரத்தில் குந்தியிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. முன்னால் மவுறீன் போட்ட சோளன் பயிர் நின்றது. இடுப்பளவு, கரும்பச்சை, வேலி வரைக்கும்.

"டவுண்ல இரிந்திருந்தா டடி இரிந்திருப்பார்," என்றாள் தானியா.

"இரிந்திருக்கலாம்."

"நீங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல? டடி கூப்பிட்ட உடன கூட வந்தீங்க."

மவுறீன் பிளேன்டீயை மகளின் கையில் கொடுத்தாள்.

"போன கிழமை கேட்டார். திரும்பிப் போவமா எண்டு."

தானியா திரும்பிப் பார்த்தாள். "டடியா?"

"நத்தார்ப் பெருநாளுக்கு முதல் போவம் எண்டார். அவருக்கு இஞ்ச போதும் எண்டு போச்சு. எப்பயோ போச்சு. வெட்கத்தில சொல்லல்ல. நீங்க முதல் போங்க, நான் சோளன் கதிர முறிச்சுப் போட்டு வாறன் எண்டன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"சிரிச்சார். 'என்னக் கூட்டி வந்தது நீதான் எண்டு சொல்லுவாங்க' எண்டார்."

தானியா அழவும் சிரிக்கவும் இல்லாமல் கோப்பையைப் பிடித்திருந்தாள். மழை சோளத் தாள்களில் விழுந்துகொண்டிருந்தது.

முதல் வருடம் பன்றி எல்லாவற்றையும் தின்றது. இரண்டாம் வருடம் பாதியைத் தின்றது. இந்த வருடம் மவுறீனும் சீதேவிப்பிள்ளையும் முள்வேலி கட்டி, முறை வைத்துத் தகரம் தட்டிக் காவல் இருந்தார்கள். சார்ள்ஸ் காவல் பரணுக்கு ஏணி செய்து கொடுத்தார். நல்ல ஏணி. அதில் அவர் ஏறியதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மழை குறைந்தது. பெட்டியை மூடினார்கள். டரல் பழைய பறங்கிப் பாஷையில் ஏதோ ஒரு செபத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, தமிழில் முடித்தான். தூக்குவதற்கு விளாமுனை ஆண்கள் வந்து நின்றார்கள். நல்லரத்தினம் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நோனா, தோணித்துறைப் பாதை இடுப்புத் தண்ணி. பெட்டியோட இறங்க ஏலாது."

"வேற வழி?"

அவர் சொல்லத் தயங்கினார். சீதேவிப்பிள்ளைதான் சொன்னாள். "சோளனுக்குள்ளாலதான் புள்ள. துறை வரைக்கும் அது ஒண்டுதான் மேடு."

மவுறீன் வேலியைப் பார்த்தாள்.

"போங்க," என்றாள்.

அவளே போய் வேலியின் கட்டை அவிழ்த்தாள். நாலு பேர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்தார்கள். தாள்கள் முறியும் சத்தம் கேட்டது. மவுறீன் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். மிதிபட்ட தாள்களின் மேல் காலை வைக்காமல் நடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டவுணில் எல்லாம் முறைப்படி நடந்தது. மாதா கோயில் நிறைந்திருந்தது. சுவாமியார் சார்ள்ஸ் செய்த பாவசங்கீர்த்தனக் கூட்டைக் காட்டிப் பேசினார். சேமக்காலையில் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் அவரை இறக்கினார்கள். பெட்டியைப் பார்த்த பழைய ஓடாவிகள் பலகை எங்கே வாங்கியது என்று டரலிடம் கேட்டார்கள். அவன் பேச்சை மாற்றினான்.

டரலின் மனைவி பிறிசில்லா புது விரிப்புப் போட்டிருந்தாள். மவுறீன் குளியலறைக் குழாயைத் திறந்தாள். நல்ல தண்ணீர். அவள் நெடுநேரம் குளித்தாள். உலர்ந்த கட்டிலில் படுத்து, நினைத்ததைவிட நன்றாகத் தூங்கினாள். ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்தபோது விழித்தாள். அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அவள் பையோடு முன்னறைக்கு வந்தபோது டரல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க போறீங்க அக்கா?"

"வடக்குப் பக்க பஸ் எத்தின மணிக்கு?"

டரல் கோப்பையை வைத்தான். "அக்கா, அண்ணன் இல்ல இப்ப."

"தெரியும் டரல்."

"அங்க போய் என்னத்தச் செய்யப் போறீங்க, தனிய?"

"வேலி திறந்து கிடக்கு. காட்டுப் பண்டி பூந்திரும்."

பிறிசில்லா அவனைக் கண்ணால் அடக்கினாள். பாணும் பருப்புக் கறியும் பொதி செய்து பைக்குள் வைத்தாள்.

தானியாவும் அதே பஸ்ஸில் ஏறினாள். பாசிக்குடாவுக்குப் போக அவள் வாழைச்சேனையில் இறங்கவேண்டும். பஸ் ஏறாவூரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் வயல் வட்டைகள் நீரில் மூழ்கிக் கிடந்தன.

"மம்மி, அது டடிட கனவு," என்றாள் தானியா. "நீங்க அதுக்காக அங்க போய்க் கிடக்கத் தேவல்ல."

"அவர்ட கனவு எனக்கு என்னத்துக்கு? நான் சோளனப் பாக்கப் போறன்."

"முறிச்ச பிறகு வருவீங்களா?"

மவுறீன் யோசித்தாள். பொய் சொல்ல விரும்பவில்லை.

"பிறகு கச்சான் கடலை போடணும். சீதேவியக்கா விதை வைச்சிரிக்கா."

தானியா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு தாயின் தோளில் தலையைச் சாய்த்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை.

"யானை வந்தா?"

"வரும். மாசியில லீவு எடுத்துக்கொண்டு வா. முறிக்க ஆள் வேணும்."

"எனக்குத் தெரியாதே."

"நான் மட்டும் தெரிஞ்சுகொண்டா வந்தன்?"

வாழைச்சேனையில் தானியா இறங்கினாள். பஸ் நகர்ந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை.

கதிரவெளித் துறையில் நல்லரத்தினம் தோணியோடு நின்றார். யார் சொன்னார்கள் என்று மவுறீன் கேட்கவில்லை. அவர் பையை வாங்கி வைத்தார்.

"வரமாட்டீங்க எண்டுதான் நினச்சன்," என்றார், களப்பின் நடுவில்.

"பண்டி வந்ததா?"

"இல்ல. நானும் பொடியன்மாரும் காவல் இரிந்தம்."

மழை விட்டிருந்தது. பெட்டி போன அகலத்துக்குச் சோளன் துறையிலிருந்து வேலிவரை சாய்ந்து கிடந்தது. மவுறீன் பையை வரம்பில் வைத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். சோளனின் மறுபக்கத்தில் சீதேவிப்பிள்ளை ஏற்கெனவே குனிந்து நின்றாள். தலையை நிமிர்த்தி இவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

மவுறீன் முறிந்ததைப் பிடுங்கி ஒரு பக்கம் போட்டாள். சாய்ந்து மட்டும் கிடந்ததை இரண்டு கைகளாலும் நிமிர்த்தி, அடியில் ஈரமண்ணைச் சேர்த்து, காலால் அணைத்து மிதித்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். நின்றது. அடுத்ததுக்குப் போனாள்.