கரண்ட் போனால் மூச்சு நிற்கும் இயந்திரம்

...இதோ, நின்றுவிட்டது, நேரம் பார்த்து நின்றுவிட்டது. காலையிலிருந்து பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஊளையிட்டுக்கொண்டிருந்த, காற்றை அளக்கிற இயந்திரம் தொண்டை இறங்கி, முனகி, அடங்கிப்போனது. கீழே மின்விசிறிகள் ஓய்ந்ததும் பிள்ளைகள் ஓவென்று இரைந்தார்கள், அதுவும் அடங்கியது. ஆக்னஸ் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இப்போது ஆரம்பிக்கும், ஆரம்பிக்காமல் எங்கே போகும், அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஒரு திரைகூட கண் சிமிட்டக் கூடாது அல்லவா... வந்துவிட்டது. முதலில் ஒரு செருமல், பிறகு மாடித் தரை காலுக்கடியில் லேசாக நடுங்கியது, ஜெனரேட்டர் முற்றத்தின் மூன்று குழாய்களிலிருந்தும் கரும்புகை புறப்பட்டு, மேலே போகலாமா என்று யோசித்து, வேண்டாமென்று முடிவெடுத்ததுபோல் மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது. கீழே ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும் சத்தம். கரண்ட் போனால் மற்ற ஊர்களில் ஜன்னலைத் திறப்பார்கள், இந்தப் பள்ளியில் சாத்துகிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, தானாகப் பழகிவிட்டது. காற்றில்லாமல், விசிறியில்லாமல், சாத்திய அறைக்குள் ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் அவள் மகள் ஜெஸ்ஸி உட்கார்ந்திருப்பாள், தோள் இரண்டையும் காதுவரை தூக்கி, மூச்சை ஒரு வேலைபோலச் செய்துகொண்டு.

பெற்றோர்கள் புகார் கொடுத்து, காற்றை அளந்து சொல்லுங்கள் என்று உத்தரவு வந்து, அந்த வேலை ஆக்னஸின் ஆய்வுக்கூடத்துக்கே வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள், எவ்வளவு முட்டாள். என் மகள் படிக்கிற பள்ளி, என் கையாலேயே அளக்கிறேன், எண் பேசட்டும் என்று நினைத்தாள். எண் பேசியது. காற்று சுத்தம் என்று பேசியது. இயந்திரம் காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தாளின் வழியே விடும், அழுக்கு தாளில் தங்கும், தாள் எவ்வளவு கனத்தது என்று நிறுத்துப் பார்த்தால் காற்றில் என்ன இருந்தது என்று தெரியும். இந்தப் பள்ளியில் எடுத்த தாள்கள் துவைத்து மடித்த கைக்குட்டை மாதிரி வந்தன. ஏன் வராது, கரண்ட் இருந்தால் இயந்திரம் ஓடும், கரண்ட் இருந்தால் ஜெனரேட்டர் ஓடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், இயந்திரம் நின்றுவிடும். புகை வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஒரு சாட்சி. எங்கே போனாலும் செய்வதுபோலப் பள்ளியின் பிளக்கில் அவளேதான் செருகினாள், யோசிக்கவில்லை. நகரம் முழுக்கக் கரண்ட் போகிற வருஷத்தில் யோசிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்து மேலதிகாரி சந்திரமோகன் சார் காலையில் போனில் சிரித்தார், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஏம்மா, ஓடவேண்டிய அளவு ஓடிடுச்சு, அளந்ததை எழுதப் போறோம். காத்து சுத்தமா இருந்தா அது நம்ம தப்பா?" நிற்கிற நேரத்தில்தானே சார் புகை வருகிறது என்றாள். "நிக்கிற மெஷினுக்கு என்னம்மா தெரியும். தெரியாததை எப்படி எழுதறது? இன்னியோட முடிச்சுட்டு வா, நாளைக்கு அறிக்கை போகணும்." தெரியாதாம். மெஷினுக்குத் தெரியாது, சரி, அவளுக்குத் தெரியுமே. அவள் மூக்குக்குத் தெரிகிறது, நாக்கில் கசக்கிறது, திருமுல்கேரி வீட்டில் ராத்திரி முழுக்க நெபுலைசரின் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்த கைக்குத் தெரியும். அதையெல்லாம் எந்தத் தாளில் நிறுப்பது? நாளைக்கு அந்த அறிக்கை போய்ச் சேர்ந்தால் குழாய் உயராது, ஜெனரேட்டர் நகராது, உங்கள் பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, ஊரை மாற்றுங்கள் என்பார்கள். கீழே அவளுடைய கையெழுத்து இருக்கும்.

அந்த ஜெனரேட்டர்களுக்கு மூன்று குழாய், ஒரு எஜமான். எஜமான் எட்வின். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்து, வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்ட எட்வின். அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். கரண்ட் போனால் அவன் போன் கத்தும், சாப்பாட்டுத் தட்டை விட்டு ஓடுவான். மேல் மாடிகளில் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கரண்ட் போனதே தெரியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான், பெருமையாக. அப்பா ஆபீசுக்குப் பக்கத்திலேயே பள்ளி என்று இங்கே சேர்த்ததும் அவன்தான், மத்தியானம் எட்டிப் பார்த்துக்கலாம்லா என்றான்... எட்டிப் பார்க்கிறான், குழாய் வழியாக. நேற்று ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு, கேட்டாள். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு வயர் விடு, உன் ஜெனரேட்டர் ஓடுகிறபோது என் இயந்திரமும் ஓடட்டும். அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். "என்னட்டி சொல்லுத நீ? என் கையால என் கழுத்த அறுக்கச் சொல்லுதியா?" கழுத்து உனக்கு மட்டும்தானா இருக்கு, உள்ளே அவளுக்கு இல்லையா என்றாள். "அவளுக்கு ஃபீஸ் எங்கிருந்து வருது, மருந்து எங்கிருந்து வருது, அதையும் கேளு." கேட்கவில்லை. காலையில் டப்பாவைக் கட்டி மேசைமேல் வைத்தாள், அவன் எடுத்துக்கொண்டு போனான். ஜெஸ்ஸிதான் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "மம்மி, ஸ்கூல் நக்கோ" என்றாள், வேண்டாம் என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வதுபோல.

கதவு கிறீச்சிட்டது. ஆயா புஷ்பா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழில் பாதி பஜாரில் வாங்கியது, ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ். "கைக்கு மேடம் புகையில நிக்கிறீங்க? உங்க நாய் தூங்கிடுச்சா?" கூரை வைத்த நாய்க்கூண்டு மாதிரி இருப்பதால் இயந்திரத்துக்கு அவள் வைத்த பேர். ஜெஸ்ஸி எப்படி இருக்கிறாள் என்று ஆக்னஸ் கேட்டாள். "ஹவ், இருக்கா. டீச்சர் மேசைகிட்ட உக்கார வெச்சிருக்கேன். இழுக்குது கொஞ்சம், பஃப் அடிச்சு விட்டேன்." புஷ்பா போகவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி தொட்டியைப் பார்த்தாள். "ஒண்ணு சொல்லணும், சார் சொல்லாதேன்னாரு." எந்த சார்? "உங்க வீட்டு சார்தான். காலைல பாப்பாவை விட வந்தப்போ, நீங்க வர்றதுக்கு முன்னாடியே, வயர் இழுத்துப் போட்டுட்டுப் போனாரு, தொட்டிக்குப் பின்னால. மேடம் கேட்டாக் காட்டு, கேக்கலைன்னா சொல்லாதேன்னாரு. நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்க, எனக்கு வயித்துல நிக்கலை."

கேட்டால் காட்டு, கேட்காவிட்டால் சொல்லாதே. தொட்டிக்குப் பின்னால் ஆரஞ்சு நிற வயர் பாம்புபோல் சுருண்டு கிடந்தது, அதன் வால் மதிலைத் தாண்டி ஜெனரேட்டர் முற்றத்துக்குள் இறங்கியது, இந்த முனையில் பிளக், பிளக்கின் கழுத்தில் இன்சுலேஷன் டேப். நெபுலைசர் குழாய் கிழிந்தபோது சுற்றினானே, அதே சுற்று, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல். கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, இன்னும் ஏறியது. கொடுப்பதென்றால் கொடு, மாட்டேன் என்றால் மாட்டேன் என்று சொல், இது என்ன, வயரைப் போட்டுவிட்டு முனையை என் கையில் வைத்துவிட்டு ஒளிந்துகொள்வது? நான் செருகினால் நான் உன் கழுத்தை அறுத்தவள், செருகாவிட்டால் என் பிள்ளை கழுத்தை. நீ மட்டும் நல்லவன்... மதில் வழியே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் எட்வின் நின்றிருந்தான், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. மேலே பார்த்தான், அவளைப் பார்த்தான், கையைத் தூக்கவில்லை, தலையை ஆட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

செருகினாள்.

ஊளை எழுந்தது. புகை நேராக இயந்திரத்தின் கூரைக்கடியில் போவதுபோல் இருந்தது, தின்னு, எல்லாவற்றையும் தின்னு என்று சொல்லிக்கொண்டாள், சத்தமாகவே சொல்லிவிட்டாள்போல, புஷ்பா சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது முற்றத்தில் எட்வின் இல்லை. நாளைக்குக் கேட்பார்கள். நின்ற மெஷின் எப்படி ஓடியது, யார் கரண்ட், யார் வயர் என்று சந்திரமோகன் சார் கேட்பார், பெண்டாட்டியும் புருஷனும் சேர்ந்து செய்த வேலை என்று அந்தக் கட்டடத்துக்காரன் சொல்வான், எட்வின் மேசையைக் காலி செய்துகொண்டு வருவான். அது தெரிந்துதான் டேப்பை அவ்வளவு பொறுமையாகச் சுற்றினானா? சுற்றும்போது நான் கேட்பேன் என்று நினைத்தானா, கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டானா?

கீழே பிள்ளைகள் மறுபடி ஓவென்றார்கள். கரண்ட் வந்துவிட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, விசிறிகள் சுழன்றன, அந்தப் பக்கம் ஜெனரேட்டர்கள் ஒரு பெருமூச்சுவிட்டு ஓய்ந்தன. ஊரெல்லாம் ஓட ஆரம்பித்தபோது இயந்திரம் மட்டும் நின்றது. அது இப்போது எட்வினின் வயரில் அல்லவா இருக்கிறது. பழைய பிளக்கில் மாற்றிச் செருக வேண்டும், இல்லாவிட்டால் புகையை மட்டும் தின்ற தாளாகிவிடும், அதுவும் பொய்தான். கரண்ட் போனால் அவன் வயர், வந்தால் பள்ளி வயர், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் இந்த மாடியில் நின்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிடுங்கிப் பள்ளியின் பிளக்கில் மாற்றிச் செருகினாள். எட்வின் வயரின் பிளக் கையில் சூடாக இருந்தது, ஜுரக்காரன் கைபோல. அதைத் தொட்டிக்குப் பின்னால் போட மனம் வரவில்லை, வெயிலில் வைக்கவும் வரவில்லை. "அடுத்த தடவை எப்போ மேடம் போகும்?" என்று புஷ்பா கேட்டாள். சாயங்காலத்துக்குள் எப்படியும் இன்னொரு தடவை போகும். ராத்திரி வீட்டில் அவன் முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டிய வார்த்தைகள் எல்லாம் காலையிலிருந்து தயாராக இருந்தன, இப்போது தேடினால் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.